பெர்ஸ்பெக்டிவ் என்ற சொல்லும் என் தங்கையின் வளவும்

நிற்கும் இடம் என்று ஒன்றில்லாமல் எங்கும் நிற்பவனே, அண்மையும் சேய்மையும் உன் திருக்கண்ணுக்கு ஓரளவாயிருக்க, எமக்கு மாத்திரம் அருகே கிடப்பது மலையாகவும் அப்பால் வருவது கடுகாகவும் தோன்றும்படி கண்ணைப் படைத்தவனே, அழகாக எழுதும் வரத்தை நான் கேட்கவில்லை. எழுதுவதிற் பொய் கலவாதிருக்க, என் நாவிலும் கையிலும் இருந்தருள்க.

வைகாசித் திங்கள் இது. ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்த அம்மன் கோயிற் கதவு திறந்து, சடங்கு நிறைந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடித்த திங்கட்கிழமை இன்று. பொங்கற் பானைகளின் கரி இன்னும் கோயில் வீதியிற் கிடக்கிறது. இந்த நாளிலே தொடங்கியது துலங்கும் என்பது எங்கள் பகுதியாரின் நம்பிக்கை.

நான் மட்டக்களப்பு நகரிலே ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். காலையிலும் மாலையிலும் பதிகம் ஓதுவது சிறுவயது முதலான வழக்கம். ஒரு பாடசாலை மலருக்காக, ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் வழக்கையும் எழுதித் தரும்படி அண்மையிற் கேட்டார்கள். 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொருளை எழுதினேன். உச்சரிப்பை எழுதினேன். வழக்கு என்ற இடத்துக்கு வந்ததும் என் தங்கையின் முகம் முன்னே வந்து நின்றது. மலருக்கு வேறொரு சொல்லைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். இதைத் தனியே எழுதுகிறேன்.

உச்சரிப்பு எளிது. முதலசையை மெல்லத் தொட்டுவிட்டு, 'ஸ்பெக்' என்ற நடு அசையிலே அழுத்தம் கொடுத்து, கடைசி அசையைத் தானாக விழவிட வேண்டும். முடிவில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டு நிற்கவேண்டும். எங்கள் வாய் அங்கே ஓர் உகரத்தைக் கூட்டி 'பெர்ஸ்பெக்டிவு' என்று முடித்தால்தான் நிம்மதி அடையும். அதனாற் குற்றமில்லை.

பொருள் அவ்வளவு எளிதன்று. பார்வை, நோக்கு, கண்ணோட்டம் என்றெல்லாம் அகராதிகள் தருகின்றன. நான் வகுப்பிலே சித்திரத்தைக் கொண்டுதான் விளக்குவேன். கரும்பலகையில் ஒரு தெருவைக் கீறுவேன். அருகிலுள்ள தென்னை பலகையின் உயரத்துக்கு நிற்கும். அடுத்தது அதிற் பாதி. தொலைவிலுள்ளது தீக்குச்சி. "எல்லாம் ஒரே உயரமான தென்னைகள்தான். நீங்கள் நிற்கும் இடம் அவற்றை இப்படி ஆக்குகிறது. இதற்குத்தான் பெர்ஸ்பெக்டிவ் என்று பெயர்" என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தீக்குச்சித் தென்னையின் கீழே எவரேனும் நின்றால் அவருக்கு எங்கள் தென்னை எப்படித் தெரியும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் அதற்கு மேலே நினைத்ததில்லை.

எங்கள் நாட்டின் இடப்பெயர்களே நிற்குமிடத்தை வைத்து வந்தவை. வாவியின் நடுவே தோணியில் நிற்பவனுக்குச் சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அது கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. அங்கே வயல்கள் விரிந்து கிடக்கும். என் தங்கை எழுவான்கரையிலே, தேற்றாத்தீவில், எங்கள் அம்மா கொடுத்த வளவில், வேலியடைத்த மனைக்காணியில், வாழ்ந்தாள். எங்களிடையே வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு வருபவை. கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். அவள் புருஷனுக்கு வெல்லாவெளிப் பக்கத்திலே, படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் ஒரு வயல் இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் வாவியைக் கடந்து போவார், வயல் வாடியிலே தங்குவார், திரும்பி வருவார். அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன்.

கடல் வந்தது மார்கழித் திருவாதிரையன்று, பூரணை நாளில். விடியற்காலையிலே கோயிலிற் பாடிவிட்டு வந்து, தங்கை களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் கிணற்றடியில் நின்றாள். சின்னவன் கடற்கரைக்கு ஓடினான். மைத்துனர் அன்று வயலில் இருந்தார். முதல்நாள் புறப்படும்போது சின்னவன் "அப்பா, நானும் வாறன்" என்று சைக்கிளைப் பிடித்தானாம். "அங்க சேறு மனே. பொறகு கூட்டிற்றுப் போறன்" என்று சொல்லி விட்டுப் போனாராம். தங்கையையும் மகளையும் ஒரு தென்னை தாங்கிக்கொண்டது. சின்னவனை மூன்று வளவுக்கு அப்பாலே, வேலியிற் கண்டெடுத்தார்கள். மைத்துனர் வாவியைக் கடந்து வந்தபோது குழி வெட்டி முடிந்திருந்தது.

அதன்பின் அவர் கடற்பக்கம் திரும்பவேயில்லை. பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த மாதங்களில் காதிலே பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பார்.

அந்தக் காலத்திலேதான் நிவாரண நிறுவனங்களின் வாகனங்கள் கொடி கட்டிக்கொண்டு வந்தன. அவற்றோடு இந்தச் சொல்லும் வந்தது. நான் விரும்பி மொழிபெயர்க்கப் போனேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எங்களிடம் வருவாள். வெயிலிற் சிவந்த முகம், பொறுமையான பேச்சு, எவரிடமும் "உங்கள் பெர்ஸ்பெக்டிவ் என்ன?" என்று கேட்பாள். ஊர்ப் பெண்கள் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "பெர்ஸ்பெக்டிவ் அம்மா வாறா, பாயை விரி கா" என்று தூரத்திலேயே குரல் கேட்கும்.

கடற்கரையை ஒட்டிய வளவுகளில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. எழுவான்கரையில் வேறு காணி கிடைக்கும் வரை காத்திருக்கலாம். சொந்தக் காணி வேறெங்காவது இருந்தால் நிறுவனம் அங்கே கல்வீடு கட்டித் தரும். இதைப் பேசுவதற்காக ஒரு நாள் தகரக் கொட்டகையிலே எல்லாரும் கூடினோம்.

அந்தப் பெண் மைத்துனரைப் பார்த்து, வீட்டுத் தலைவரின் பெர்ஸ்பெக்டிவ் என்ன என்று கேட்டாள். நான் சொன்னேன்: "தம்பி, நீங்க நிக்கிற இடத்திலயிருந்து பார்த்தா எது நல்லம் எண்டு கேக்கிறா."

"எனக்கு வட்டைப் பக்கம்தான், மச்சாள். அண்டைக்கு நான் அங்க நிண்டன். எனக்கு ஒண்டும் நடக்கல்ல. அவனையும் கூட்டிற்றுப் போயிருந்தா அவனுக்கும் ஒண்டும் நடந்திருக்காது. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒருத்தி சத்தம் வைத்தாள்: "ஆம்பிளையிட்டக் கேட்டு என்னத்துக்கு டீச்சர்? வீடு பொம்பிளைட. அவர் வந்தேறிதானே!"

கொட்டகை சிரித்தது. மைத்துனரும் தலையைக் குனிந்து சற்றே சிரித்தார். எங்கள் வழக்கத்தை நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண் வியந்துபோய், மகிழ்ச்சியோடு தங்கையின் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள்.

தங்கை என்ன சொல்ல விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும். முதல்நாள் என்னிடம் சொல்லி அழுதிருந்தாள். போர்நிறுத்தம் இருந்த காலந்தான். ஆனால் படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது. போருக்கு வீட்டுக்கொரு பிள்ளை தரவேண்டும் என்ற பேச்சு அங்கே நின்றபாடில்லை. இருந்த இருவரிற் கடல் ஒருவனை எடுத்துக்கொண்டது. எஞ்சியவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அவளை அழைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போவதா?

தங்கை வாயைத் திறந்தாள். கொட்டகையின் கடைசி வரிசையிலே, எவரும் அழைக்காமல், மடிப்புக் குலையாத சட்டையோடு இயக்கத்துக்காரர் இருவர் இருந்தார்கள். வாசலில் நின்ற சிப்பாயும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அங்கால நுளம்பு கூட, அக்கா. பிள்ளைக்கு ஒத்துக்காது."

சிலர் சிரித்தார்கள். "ஓம், ஓம். சரியான பெரிய நுளம்பு" என்று ஒருத்தி தொடங்க, பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையிலே கிள்ளினாள். அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்டகை முழுவதும் புரிந்துகொண்டது, கேட்டவள் ஒருத்தியைத் தவிர. பின்னாலுள்ள காதுகளுக்கு எந்த அளவு ஆங்கிலம் தெரியும் என்று அறியாத நான், நுளம்பை வெறும் கொசுவாகவே மொழிபெயர்த்தேன்.

அந்தப் பெண் ஆறுதலாகத் தலையசைத்தாள். மருந்து தோய்த்த நல்ல வலைகள் தருவதாகச் சொன்னாள்.

கூட்டம் கலைந்தபின் வாகனத்தருகே அவளைத் தனியே மறித்து, நுளம்பு என்றால் என்ன என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. இரக்கமற்றவள் என்று அவளை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தங்கள் ஊழியர்கள் நாள்தோறும் வாவியைக் கடந்து போய் வருகிறார்கள் என்றும், போர்நிறுத்தம் உறுதியாக இருக்கிறது என்றும், கண்முன்னே நடந்த அழிவோடு ஒப்பிட்டால் அது சிறிய ஆபத்து என்றும் சொன்னாள். இறுதியாக, 'நாம் இதைப் பெர்ஸ்பெக்டிவில் வைத்துப் பார்க்கவேண்டும்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

வழக்கு என்று நான் மலருக்கு எழுதமுடியாமற் போனது இதைத்தான். ஒருவருடைய பெர்ஸ்பெக்டிவ் என்றால் அவர் நிற்குமிடத்துப் பார்வை. ஒன்றைப் பெர்ஸ்பெக்டிவில் வைப்பது என்றால், அதன் மெய்யான அளவை அறிந்து அதற்குரிய இடத்தில் வைப்பது. ஆனால் அளப்பவரும் ஓரிடத்தில் நின்றுதானே அளக்கிறார்? அவள் கொடி கட்டிய வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் பாடசாலை மாமரத்தின் கீழே புருஷனும் பெண்சாதியும் வாய்த்தர்க்கப்பட்டார்கள்.

"கடல் ஒருக்கா வந்தது, போயிற்று," என்றாள் தங்கை. "அவங்க ஒவ்வொரு நாளும் வருவாங்க."

"இப்ப சமாதானம் புள்ள. ஆர் வாறது?"

"சமாதானத்திலதான் ஆருட வீட்டில எத்தின பிள்ளை எண்டு கேட்டுத் திரியிறாங்க."

"எனக்கு இஞ்ச இருக்க ஏலா. அந்தச் சத்தம் உனக்குக் கேக்கல்லயா? நித்திரையிலயும் எனக்கு அது கூப்பிடுற மாதிரிக் கேக்குது. ஒரு நாளைக்கு நானும் எழும்பிப் போயிருவன்."

அப்பொழுது மகள், தலைவாரிக்கொண்டிருந்தவள், சீப்பை வாயிலிருந்து எடுத்துச் சொன்னாள்: "அப்பாக்குக் கடற்பயம். அம்மாக்கு நுளம்புப் பயம். நான் ஆத்துக்கு நடுவில ஒரு தோணியில இருக்கட்டா, பெரியம்மா?"

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். புருஷனைப் பைத்தியம் பிடிக்க விடுவதா, மகளை அந்தக் கரைக்குக் கொண்டுபோவதா என்பதைத் தங்கை அந்தச் சிரிப்பிலேயே முடிவு செய்துவிட்டாள் என்று பின்னர் எனக்குத் தோன்றியது. அடுத்த மாதம் அவர்கள் வாவியைக் கடந்தார்கள்.

வீடு கட்டி முடிந்ததும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். துறையிலே, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, மறுகரையிற் பஸ் பிடித்துப் போனேன். நல்ல வீடு. கதிர் பழுத்த வயல்களுக்கு நடுவே நின்றது. உள்ளே மூன்று வெள்ளை வலைகள் தொங்கின. மைத்துனர் காதிற் பஞ்சில்லாமல் திரிந்தார், உடம்பு தேறியிருந்தார். முற்றத்திலே நின்று கிழக்கே பார்த்தேன். வாவிக்கப்பால் என் கரை ஒரு மெல்லிய பச்சைக் கோடு. கடல் தெரியவில்லை. அதன் சத்தமும் இல்லை. இத்தனை பேரை விழுங்கிய ஒன்று அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்கே நம்ப முடியவில்லை. மனம் லேசாகியது. உடனே அந்த லேசைக் கண்டு பயந்தேன்.

மதியச் சோற்றுக்கு முன்னர் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். "வீடு வடிவாக் கட்டித் தந்திரிக்காங்க, அம்மா" என்றார்கள். கதவடியில் நின்ற மகளைப் பார்த்து, "தங்கச்சி எத்தினாம் வகுப்பு?" என்று கேட்டார்கள். "இப்பதான் ஒன்பது" என்று குறைத்தே சொன்னாள் தங்கை. அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். தங்கை அந்தச் செம்பைச் சாம்பல் போட்டு விளக்கினாள்; கழுவினாள்; மறுபடியும் விளக்கினாள்.

"அக்காட கண்ணுக்கு அவள் வளந்திற்றாளா?" என்று கேட்டாள்.

நான் "இல்லை" என்றேன். வளர்ந்துதான் இருந்தாள்.

போர் மறுபடி மூளும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட ஒரு காலையிலே, நான் பூசைக்குப் பூ எடுத்துக்கொண்டிருக்கையில், தொலைபேசி அடித்தது. தங்கையின் குரல். யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"அக்கா, பிள்ளைக்கு நுளம்பு கடிச்சிற்று."

கையிலிருந்த பூக்களைக் கீழே வைத்தேன். பிறகு, "எங்க வைச்சு?" என்றேன்.

"ரியூசன் வகுப்பு முடிஞ்சு வாற வழியில. அவர் வலையைக் கழட்டி எரிச்சிற்றார்."

அடுத்த மாதங்களிலே ஷெல் அடி தொடங்கியது. நான் வாவிக்கரைக்குப் போய் நிற்பேன். அக்கரையிலே புகை எழும். அது என் சுண்டுவிரல் உயரந்தான் இருக்கும். என் பக்கத்திலே மனிதர்கள் மீன் விலை பேசினார்கள்; ஒருவர் குடையை விரித்துக்கொண்டு பஸ்சுக்கு நின்றார். குற்றமென்று சொல்ல என்ன இருக்கிறது? நான் கரும்பலகையிற் கீறிக் காட்டியதுதான் அது. அந்தச் சுண்டுவிரலின் கீழே என் தங்கை நின்றாள். அவளுக்கு அது வானம் முழுவதும்.

சனம் சனமாகப் படுவான்கரை எழுவான்கரைக்கு வந்தது. மறுபடியும் பாடசாலைகள் நிறைந்தன. மைத்துனரை ஒரு பாடசாலை விறாந்தையிலே கண்டேன். கைகளை மடியிலே வைத்துக்கொண்டு இருந்தார்.

"மச்சாள், நான் நிண்ட இடத்தில நிண்டு பார்த்தன். பிழையா?"

நான் அவர் பக்கத்திலே உட்கார்ந்தேன்.

தங்கை அவரை ஒரு சொல்லும் ஏசவில்லை. வந்த இரண்டாம் நாளே தேற்றாத்தீவுக்குப் போய், அம்மாவின் வளவைத் துப்புரவாக்கி, நான்கு கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். கந்தோரிலிருந்து அரச அலுவலர் ஒருவர் வந்து எழும்பச் சொன்னார். அப்பொழுது நானும் அங்கே இருந்தேன்.

"இது தடை செய்த இடம், அம்மா. கடல் வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தா எண்ட வளவுக்குத்தானே வரும், தம்பி. உங்கட கந்தோருக்கு வராதே."

"சட்டம் எண்டு ஒண்டு இரிக்கி."

"இரிக்கட்டும். எண்ட மகளுக்கு வேற இடம் தெரியா. உசிரோட வந்தா அவள் இஞ்சதான் தேடி வருவாள். அந்த நேரம் இஞ்ச நான் இல்லாட்டி?"

அவர் தென்னையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், போய்விட்டார். இன்னொருவர் வந்தபோதும் அவள் அதையே சொன்னாள். மைத்துனரும் அங்கே வந்து சேர்ந்தார். பஞ்சை வைத்துக்கொண்டு, வாசலைக் கடலுக்கு முதுகு காட்டும்படி மாற்றிக்கொண்டு, இருந்தார்.

வடக்கே வன்னியிலே போர் முடிந்ததும் ஒரு வைகாசியில்தான். நகரிலே பட்டாசு வெடித்தது. அந்த ஆண்டும் அம்மன் கதவு திறந்தார்கள். குளிர்த்தி பாடும்போது என் இரு பக்கமும் பெண்கள் பிள்ளைகளின் படங்களை மடியிலே வைத்துக்கொண்டு இருந்தார்கள். அம்மனின் கோபம் தணியட்டும் என்று பாடுகின்ற பாட்டு அது. பாடப் பாட, யாருடைய கோபத்தைத் தணிக்க இந்தப் பாட்டு என்று எனக்கே திகைப்பாக இருந்தது. தங்கை வரவில்லை. வளவை விட்டு அகலமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

மறு ஆண்டிலே மகள் வந்தாள். சரணடைந்த போராளிகளை வைத்திருந்த அரச புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுவித்து ஏற்றி அனுப்பிய பஸ்சிலிருந்து பிரதான வீதியில் இறங்கி, தானே நடந்து வந்தாளாம். தலைமயிர் தோள்வரை. இடது கையிலே நீளமாக ஒரு தழும்பு. தங்கை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடவில்லை. "வா. சோறு இரிக்கி" என்றாள். மகள் உட்கார்ந்து உண்டாள். அவ்வேளை மைத்துனர் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவர், பின்பக்கத்தால் வளவுக்குள் நுழைந்து, அவளைக் கண்டு, வாயடைத்துப்போய் அப்படியே பின்னால் நெருங்கினார். காலடி கேட்டதும் சோற்றுக் கோப்பை பறந்தது. அவள் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையிலே கிடந்தாள்.

அன்று முதல் அவர் தெருவிலேயே இருமிக்கொண்டு, முன்பக்கத்தால் வந்து, அவள் கண்ணிற் பட்டபின்தான் உள்ளே நுழைகிறார்.

அவள் எங்கே இருந்தாள், எதைக் கண்டாள் என்று தங்கை கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வளவைத் தங்கை தன் மகள் பெயருக்கு எழுதிவிட்டாள். தடை மெல்ல மெல்லத் தளர்ந்து, இப்பொழுது கிடுகு இருந்த இடத்திலே கல்வீடு நிற்கிறது. கடல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ஆனால் சாதாரண உடையில் புலனாய்வுக்காரர் எவரேனும் ஒருவர் அவ்வப்போது வேலிப் படலையைத் திறந்துகொண்டு வருவார். பெயரைக் கேட்பார், எங்கே வேலை, யாரோடு பழக்கம், தொலைபேசி இலக்கம் மாறியதா என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார்.

இன்று காலை குளிர்த்தித் தீர்த்தம் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். ஒருவர் வந்திருந்தார். மகள் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தங்கை அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் எழுந்து போகும் வரைக்கும் அசையவில்லை. அவர் போனதும் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மகள் படலையைக் கொளுவினாள்.

இதை வாசித்த உங்கள் வீட்டுப் படலையைத் திறப்பவர் யாவரும் அன்பினால் திறப்பவராகுக. வெளியே போன உங்கள் பிள்ளைகள் விளக்கு வைக்குமுன் வந்து சேர்க. எந்தக் கரையில் நீங்கள் நின்றாலும், எங்கும் நிற்பவன் உங்களோடு நின்று காத்தருள்க. வாழ்க, வாழ்க.